ஆறு பவுண்டு அழுத்தம்

“எறக்காதே! ஏத்துன்னு சொல்றேன், நீ பாட்டுக்கு—”

“நுரையா கொட்டுது, இன்னும் ஏத்தச் சொல்றியே, உனக்கு மயக்க ஊசி இன்னும் தெளியலையா?”

“ஏத்தினாத்தான் அடங்கும், ஆர்டிஸ்—”

“என் பீர் ஆறு பவுண்டு! ஆறுக்கு மேல முள் ஒரு நூல் நகராது, சொல்லிட்டேன்!”

“நகர்த்திப் பாரேன், என்ன ஆயிடும்?”

“கையில கட்டுப் போட்டவன் கட்டோட உக்காரணும்!”

முதல் குரல் என் தம்பி லோவெல். இரண்டாவது அவன் மனைவி ஆர்டிஸ். நடுவில் காலி கோப்பை அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். பெர்னடின் என்ற என் பெயரை முழுதாகச் சொல்ல இந்த ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது. பெர்னி என்றால் போதும்.

எங்கள் ஊர் பீர் காய்ச்சுகிறவர்கள் கோடை முடியும்போது ஏரிக்கரைப் பூங்காவில் கூடுவார்கள். வீட்டில் காய்ச்சியதைப் பீப்பாயில் கொண்டுவந்து, ஆளுக்கொரு மேஜை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பார்கள். பக்கத்தில் சோளம் சுடுவார்கள். சர்ச் பெண்கள் பழம் வைத்துச் சுட்ட இனிப்புப் பை விற்பார்கள். விஸ்கான்சினில் இதைவிடப் பெரிய விசேஷம் எங்களுக்கு வேறு இல்லை. குடித்தவர்கள் எந்தப் பீர் பிடித்ததோ அந்த மேஜையில் ஒரு பாட்டில் மூடியைப் போடுவார்கள். மூடி அதிகம் விழுந்தவருக்கு, அவர் பெயர் செதுக்கிய, பீர்க் குழாய்க்கு மாட்டுகிற மரக் கைப்பிடி ஒன்று எங்கள் பீர் கிளப் சுவரில் ஏறும்.

சுவரில் ஆர்டிஸ் பெயரில் மூன்று கைப்பிடிகள் இருந்தன. மூன்று வருடமும் தொடர்ச்சியாக. எழுபத்தோரு வயதில் அவளுக்கு வேறு எதிலும் இப்படி ஒரு பெயர் கிடைத்ததில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுள் முழுக்க மற்றவர் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்தவள் அவள். அப்போதெல்லாம் ஒருவரும் தட்டை வைத்துவிட்டு “நல்லா இருந்துது” என்று சொன்னதில்லையாம். இந்த மூன்று வருடமாகச் சொன்னார்கள்.

அந்த வீட்டில் வேலைப் பிரிவினை என்று ஒன்று உண்டு. மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியை ஊறவைத்துக் காய்ச்சுவது, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போடுவது, ஈஸ்ட் விடுவது எல்லாம் ஆர்டிஸ். அது பீப்பாய்க்குள் போனபிறகு லோவெல். சிலிண்டர், ரெகுலேட்டர், ட்யூப் ஒன்றையும் அவளைத் தொட விடமாட்டான். “உனக்கு அடுப்பு, எனக்கு கேஸ்” என்பான். இந்த வருடம் படகை இழுக்கப்போய் தோள்பட்டை கிழிந்து, அறுவை சிகிச்சை ஆகி, வலது கையைத் தொட்டிலில் போட்டது மாதிரிக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அதனால் ஆர்டிஸே பீப்பாயை மூடி, கராஜ் ஃப்ரிட்ஜில் வைத்து, ஆறு பவுண்டு அழுத்தத்தில் கேஸ் ஏற்றினாள். போன வாரம் என் சமையலறைக்கு வந்து சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

“பெர்னி, இத்தன வருஷமா ராக்கெட் விடறவன் மாதிரி பேசினானே! ஒரு திருகு, ஒரு முள். ஓவன்ல சூடு வைக்கத் தெரிஞ்சவளுக்கு இது தெரியாதா?”

“அவன்கிட்ட சொல்லாத, அழுதுடுவான்.”

“சொல்லத்தான் போறேன்!”

இப்போது அந்தத் திருகுதான் அவளை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்தால் கோப்பை முழுக்க வெள்ளை நுரை. அடியில் ஒரு விரற்கடை பீர்.

வரிசையில் முதலில் நின்றவர் நார்பர்ட், ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது.

“ஏம்மா ஆர்டிஸ், எங்களுக்குக் குடிக்கக் குடுக்கறியா, சவரம் பண்ணி விடப் போறியா?”

“பண்ணி விடறேன், கத்தி எடுத்துட்டு வா!”

பின்னால் சிரித்தார்கள். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. திருகை இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். முள் நாலுக்கு வந்தது. குழாய் செருமி, துப்பி, முன்னைவிட அதிகமாக நுரை கக்கியது.

“பாத்தியா?” என்றான் லோவெல்.

“ஐஸ் பத்தலையோ என்னமோ. பெர்னி, கையை விட்டுப் பாரு.”

பீப்பாய் நின்ற தொட்டிக்குள் கையை விட்டேன். விரல் மரத்துப்போனது. “இதுக்கு மேல ஜில்லுன்னு இருந்தா ஏரிதான் உறையணும், ஆர்டிஸ்.”

“அப்புறம் ஏன்?”

ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இவர்கள் சாப்பாட்டு மேஜையில் பேசிப்பேசி என் காதில் விழுந்த விஷயம் ஒன்று உண்டு. பீருக்குள் எவ்வளவு கேஸ் கரைந்திருக்கிறதோ, அதே அளவு மேலேயிருந்தும் அழுத்த வேண்டும். மேலே அழுத்தம் குறைந்தால் உள்ளே இருக்கிற கேஸ் பீரில் நிற்காது. ட்யூபிலேயே பிரிந்து நுரையாக ஓடிவரும். ஆறு பவுண்டில் கேஸ் ஏற்றிய பீரை ஆறு பவுண்டில் ஊற்றினால் நுரைக்க வழியில்லை. ஆர்டிஸின் பிடிவாதமும் அதுதான். அவள் கையால் வைத்த ஆறு அது.

லோவெல் இடது கையால் தன் தூண்டில் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து சுருட்டிய நீளமான ட்யூப் ஒன்றை எடுத்தான்.

“இத மாட்டு.”

“எதுக்கு? என் பீருக்குச் சின்ன ட்யூப் போதும்.”

“ஏத்தி வச்சா சின்ன ட்யூப்ல சீறும். நீளமா இருந்தா ஓட்டம் தணியும்.”

“எதுக்கு ஏத்தி வைக்கணும்? அதச் சொல்லு. மீன் பிடிக்கிற பொட்டியில பீர் ட்யூப் ஏன் கொண்டாந்த?”

“சும்மா. இருக்கட்டும்னு.”

“சும்மாவா!”

அப்போது எதிர் மேஜையிலிருந்து டெல்மர் வந்தான். வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் சிறிதாக மதுபான ஆலை வைத்திருக்கிறவன். குளிர்காலத்தில் லோவெலும் அவனும் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பவர்கள். நல்ல உயரம். எப்போதும் விதைக் கம்பெனித் தொப்பி. வந்தவன் ஒன்றும் கேட்கவில்லை. லோவெல் கையிலிருந்த ட்யூபை வாங்கினான், பழையதைக் கழற்றி இதை மாட்டினான், ரெகுலேட்டரைத் திருகினான். முள் பன்னிரண்டில் நின்றது. ஒரு கோப்பை நுரையைப் புல்லில் கொட்டினான். அடுத்த கோப்பையை நீட்டியபோது பீர் கறுப்பாக, அமைதியாக, மேலே இரண்டு விரல் நுரையோடு வந்து நின்றது.

வரிசை கைதட்டியது. “அப்படிப் போடு!” என்றார் நார்பர்ட். “இதுதான்மா போன வருஷம் குடிச்சது! கொண்டா இப்படி!”

ஆர்டிஸ் அந்தக் கோப்பையை அவருக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் கிளப்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவர் கேஸில் கை வைக்கக் கூடாது. தீப்பற்றி எரிந்தால்கூட “உன் சிலிண்டரை மூடட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் மூடுவார்கள். ஒவ்வொருவர் பீருக்கும் அழுத்தம் வேறு. அது காய்ச்சியவருக்குத்தான் தெரியும். டெல்மர் கேட்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. தன் வீட்டு விளக்கைப் போடுகிற மாதிரித் திருகினான்.

“டெல்மர்.”

“சொல்லு, ஆர்டிஸ்.”

“பன்னண்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“அது... நுரை வர்றதப் பாத்தாத் தெரியாதா? தொழிலே அதானே.”

“நுரையப் பாத்தா ஏத்தணும்னு தெரியும். சரி. எட்டுல நிறுத்தாம, பத்துல நிறுத்தாம, ஒரே திருகுல பன்னண்டுல போய் நின்னியே?”

“அதிர்ஷ்டம்தான்.” அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

“லோவெல், நான் ஏத்தினது ஆறு. ரெண்டு வாரம் ஆறுலயே நின்னுது. தினம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி போய் முள்ளப் பாத்தேன். ஆறு குடுத்தா ஆறுதானே உள்ள இருக்கும்? மீதி ஆறு எங்கேருந்து வந்துது?”

“ரெகுலேட்டர் பழசு, முள் தப்பாக் காட்டியிருக்கும். இதப் போய் இங்க வச்சு—”

“அதே ரெகுலேட்டர்தான் இது.”

ஊற்றுகிற நாளில் ஆர்டிஸ் ஒரு சொட்டும் குடிக்கமாட்டாள். அன்று அவள் கோப்பையை வாயில் வைத்தாள். ஒரு வாய் குடித்தாள். முழுங்காமல் நாக்கில் வைத்திருந்தாள். அப்புறம் என்னிடம் நீட்டினாள்.

“நீ குடி, பெர்னி.”

குடித்தேன். கெட்டியாக, காபி வாசனையோடு, அருமையாக இருந்தது.

“நல்லா இருக்கே?” என்றேன்.

“ரொம்ப நல்லா இருக்கு. நான் ஒரு நாளும் இப்படிக் காய்ச்சினதில்ல.”

அவள் பீப்பாய்க்கு நான் பச்சைக் கம்பளியில் சட்டை பின்னிக் கொடுத்திருந்தேன், ஐஸ் சீக்கிரம் உருகக் கூடாது என்று. பீப்பாயை ஃப்ரிட்ஜில் வைக்கும்போதே அதை மாட்டியிருந்தாள். அந்த ஈரச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து மேலே உருவினாள். அவள் பீப்பாயில் இடுப்பளவில் ஒரு ஒடுக்கு உண்டு. கராஜ் படியில் உருட்டிவிட்டபோது விழுந்தது. இந்தப் பீப்பாய் ஒடுக்கு இல்லாமல் பளபளவென்று நின்றது.

சோளம் சுடுகிற பக்கம் யாரோ உப்பு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் வியாழக்கிழமை டெல்மரின் வண்டி பக்கத்தில் இருக்கும் அவர்கள் வீட்டு முன்னால் நின்றதை என் சன்னலிலிருந்து பார்த்திருந்தேன். ஆர்டிஸ் அப்போது பல் டாக்டரிடம் போயிருந்தாள். பனி அள்ளுகிற மெஷினை வாங்க வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆகஸ்ட் மாதத்தில்.

“டெல்மரோட பீரா?” என்றாள் ஆர்டிஸ்.

லோவெல் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு, “ஆமா” என்றான்.

“போன வருஷம்?”

“ஆர்டிஸ், வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.”

“போன வருஷம்?”

“...ஆமா.”

“அதுக்கு முந்தின வருஷம்?”

டெல்மர்தான் மெல்ல, “மூணு வருஷமும், ஆர்டிஸ்” என்றான். “இது நான் குளிர்காலத்துக்கு மட்டும் காய்ச்சறது. இந்தப் பக்கம் விக்கறதில்ல. அதனால யாருக்கும் தெரியல.”

“நீ வந்து என் கையப் பிடிச்சுக் குலுக்கினியே, டெல்மர். ‘பிரமாதம், எப்படிக் காய்ச்சின?’னு கேட்டியே. நான் உனக்கு ஓட்ஸ் வறுக்கறதப் பத்தி அரை மணி நேரம் சொன்னேனே.”

“கேட்டேன்.” அவன் முகம் சிவந்து போயிருந்தது.

“மூணு கைப்பிடியும் உன்னோடதா?”

“எனக்கு எதுக்கும்மா கைப்பிடி...”

லோவெல் இடது கையால் அவள் முழங்கையைப் பிடித்தான். “கேளு. நாலு வருஷம் முன்னாடி நீ ஊத்தினது ஞாபகம் இருக்கா? வெண்ணெய் நாத்தம் அடிச்சுது. பாப்கார்ன் மாதிரி. உன்கிட்ட கோப்பைய வாங்கினவங்க மரத்துக்குப் பின்னால போய்ப் புல்லுல கொட்டினாங்க. நான் பாத்தேன். நீ அந்தப் பக்கம் திரும்பி அடுத்தவனுக்கு ஊத்திட்டு இருந்த, சிரிச்சுக்கிட்டே. எனக்குத் தாங்கல, ஆர்டிஸ். அடுத்த வருஷமும் நீ அப்படி நிக்கறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

“ஒரு வார்த்த சொல்றது?”

“சொன்னா நீ காய்ச்சறத விட்டிருப்ப.”

“சொன்னா சரி பண்ணியிருப்பேன்! உருளக்கிழங்கு தீஞ்சா சரி பண்ணத் தெரியாதா எனக்கு? அடிப்பிடிச்சுதுன்னு ஒருத்தர் சொன்னாத்தானே அடுப்பக் குறைப்பேன்?”

“நான் உனக்கு நல்லதுதான்—”

“நல்லதா? முதல் வருஷம் ‘காபி வாசன பிரமாதம்’னாங்க. நான் வீட்டுக்குப் போய், ஓ, வறுத்த மால்ட் நல்லா வந்திருக்குன்னு இன்னும் கொஞ்சம் சேத்தேன். அடுத்த வருஷம் ‘வழவழன்னு இருக்கு’ன்னாங்க. ஓட்ஸைக் கூட்டினேன். மூணு வருஷமா நான் காதுல வாங்கினதெல்லாம் வேற ஒருத்தன் பீருக்குச் சொன்னது. அதக் கேட்டு என்னோடத மாத்தி மாத்திக் காய்ச்சினேன். நீ பக்கத்துல நின்னு தலைய ஆட்டின! நான் காய்ச்சினத என்ன பண்ணின?”

“கராஜுக்குப் பின்னால.”

“ருபார்ப் செடியிலயா?”

அவன் தலையாட்டினான். அந்த ருபார்ப் மூன்று வருடமாக ஆளுயரம் வளர்ந்ததை நாங்கள் எல்லோரும் வியந்திருக்கிறோம். அதன் புளிப்புத் தண்டை வைத்து நான் இனிப்புப் பை கூடச் சுட்டிருக்கிறேன்.

“இந்த வருஷத்ததையும் ஊத்திட்டியா?”

“என்னால தூக்க முடியல,” என்றான், கட்டுப் போட்ட கையைக் காட்டி. ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி. “டெல்மர் வண்டியில இருக்கு. திரும்பிப் போறப்போ கொட்டிடறேன்னான்.”

ஆர்டிஸ் டெல்மர் பக்கம் திரும்பினாள். “குளிர்ப் பெட்டியிலயா வச்சிருக்க?”

“ஆமா. ஜில்லுன்னுதான் இருக்கு.”

“எடுத்துட்டு வா.”

“ஆர்டிஸ், வேணாம்,” என்றான் லோவெல். “இத்தன பேர் முன்னாடி. வரிசையப் பாரு. தலைவலின்னு சொல்லிக்கலாம், நான் சொல்லிக்கறேன்—”

“நீ சொன்னது போதும்.”

டெல்மர் தன் வண்டிக்குப் போய்ப் பீப்பாயை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தான். இடுப்பில் ஒடுக்கு. ஆர்டிஸ் அதை ஐஸில் இறக்கச் சொல்லி, தானே சட்டையை மாட்டினாள். பன்னிரண்டிலிருந்து திருகைத் தளர்த்தி, ரெகுலேட்டர் வளையத்தை இழுத்து மிச்ச அழுத்தத்தை வெளியே விட்டு, முள்ளை ஆறில் நிறுத்தினாள். நீள ட்யூபைக் கழற்றி லோவெலின் பெட்டிமேல் எறிந்தாள். தன் சின்ன ட்யூபை மாட்டினாள். ஒரு வேலையையும் இரண்டாம் தரம் செய்யவில்லை.

“கொஞ்சம் பொறுங்க,” என்றாள் வரிசையைப் பார்த்து. “வண்டியில குலுங்கி வந்திருக்கு. அடங்கட்டும்.”

“நாங்க எங்க போகப் போறோம்?” என்றார் நார்பர்ட். குரலில் கிண்டல் இல்லை. முன்னால் நின்றவர்களுக்கு எல்லாமே கேட்டிருந்தது. பின்னால் நின்றவர்களுக்கு அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“நார்பர்ட், நீங்க எல்லாரும் மூணு வருஷமா குடிச்சது என்னோடது இல்ல. டெல்மரோடது. இதான் என்னோடது. புடிக்கலேன்னா மரத்துக்குப் பின்னால போகாதீங்க. என் மூஞ்சியப் பாத்துத் துப்புங்க.”

குழாயைத் திறந்தாள். முதல் கோப்பை பாதி நுரை. அதைக் கொட்டினாள். இரண்டாவது அமைதியாக இறங்கியது. மேலே மெலிசாக, பால் ஆடை மாதிரி ஒரு நுரை. சீறல் இல்லை, செருமல் இல்லை. அவள் சொன்ன ஆறு பவுண்டு சரியாகத்தான் இருந்தது.

நார்பர்ட் வாங்கி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார். ஆர்டிஸ் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போன வருஷத்தது இதவிடக் கெட்டியா இருந்துச்சு,” என்றார்.

“சரி.”

“காபி வாசன இதுல கம்மி.”

“சரி, நார்பர்ட்.”

“ஆனா நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்லல. கோப்பைய நிரப்பு.”

நான் குடித்தேன். டெல்மரின் பீரோடு நிறுத்தினால் இது நிற்காது. ஓட்ஸ் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வெண்ணெய் வாசனை எங்கே என்று தேடினேன். இல்லை. கீழே வைக்க மனம் வரவில்லை.

டெல்மரும் ஒரு கோப்பை வாங்கினான். முகர்ந்தான், சுழற்றினான், குடித்தான். அவன் புருவம் நெரிந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“ஆர்டிஸ், ஈஸ்ட் விட்டதும் புளிக்கற வாளிய எங்க வைக்கற?”

“முன்ன கராஜ்ல, ஜில்லுன்னு இருக்கற சிமென்ட் தரையில வச்சேன். அங்க இவன் படகுச் சாமான் அடைச்சதும் இடமில்லாமப் போச்சு. இப்பல்லாம் பெர்னி வீட்டுல, துணி துவைக்கற ரூம்ல.”

“பாய்லர் பக்கத்துலதான்,” என்றேன் நான். “கதகதன்னு இருக்கும்.”

“எத்தன நாள்?”

“தூக்க ஆள் வர்ற வரைக்கும். மூணு வாரம் ஆகும் சில சமயம். ஏன்?”

“குளிர்ல வச்சு அவசரமா எடுத்தாத்தான் அந்த வெண்ணெய் வாசன நிக்கும். கதகதப்புல நிதானமாப் புளிக்க விட்டா ஈஸ்ட்டே அதத் தின்னுடும்.” அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “எப்போலேருந்து பெர்னி வீட்டுல வைக்கற?”

“ரெண்டு வருஷமா.”

“போன வருஷமும் அங்கதானா?”

“போன வருஷமும்தான்.”

டெல்மர் லோவெலைப் பார்த்தான். “டேய், நீ என்கிட்ட என்ன சொன்ன? ‘இன்னும் அப்படியேதான் நாறுது’ன்னு சொன்னியேடா.”

லோவெல் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தோளில் தொங்கிய கட்டை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் யாரும் கோப்பை வைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

வரிசை நகரவில்லை. ஆர்டிஸ் குழாயை மூடினாள். கையைத் துணியில் துடைத்தாள். நிதானமாக ஒரு கோப்பையை எடுத்து, சாய்த்துப் பிடித்து, விளிம்பு வரை நிரப்பி, அவன் முன்னால் கொண்டுபோய் நீட்டினாள். அவன் வாங்கக் கை நீட்டவில்லை. அவள் நீட்டிய கையை எடுக்கவும் இல்லை.

“இந்த மூணு வருஷத்துல, செடியில ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ, ஒரே ஒரு வாய், என்னோடதக் குடிச்சுப் பாத்தியா, லோவெல்?”